கோப்பிக்கு நாலு நட்சத்திரம்

இப்போதெல்லாம் ஆக்களுக்கு ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போகத் தெரியாது. சண்டை நின்று கண்டிப் பாதை திறந்து ஒரு வருசம்தான் ஆகிறது, அதற்குள் எல்லாருக்கும் நாக்கு நீண்டுவிட்டது. சீனி காணாது, பால் தண்ணி, வடை நேற்றையது. இதே ஆக்கள்தான் சீனி வராத காலத்தில் என் கடை மர வாங்கில் குந்தி, உள்ளங்கையில் பனங்கட்டித் துண்டை வைத்து நக்கி நக்கி வெறும் சாயத்தண்ணியைக் குடித்தவர்கள். அப்போது ஒரு சத்தம் இல்லை. இப்போது கொழும்பிலிருந்து வருகிறவன் வடையைப் பிய்த்துப் பார்க்கிறான். கனடாவிலிருந்து வருகிறவன் படம் எடுக்கிறான். வடைக்கு என்னத்துக்குப் படம்? அதுக்கென்ன கலியாணம் பேசவோ?

எல்லாரையும் விட மோசம் அந்த வெள்ளை.

பரந்தன் சந்தியில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருக்கிறது என் கடை. நாலு வாங்கு, ஒரு கண்ணாடிப் பெட்டி, பின்னுக்குக் குசினி. குசினிக்குப் பின்னால் நானும் என் மனுசி அமராவதியும் படுக்கிற அறை. அவ்வளவுதான் அரண்மனை. வெள்ளை இருந்தது கிளிநொச்சியில். தண்ணித்தாங்கி கட்டுகிற ஏதோ ஒரு கந்தோரில் எஞ்சினியர். ஹென்றிக் என்று பேராம். என் வாயில் அது ஏறாது, எனக்கு வெள்ளைதான்.

சனிக்கிழமை வந்தால் அவனுக்கு ஒரே ஒரு வேலை. ஊரூராய்ப் போய்ச் சாப்பிடுவது. மொழிபெயர்க்க வருகிற சுதாஜினி என்ற பிள்ளைதான் சொன்னாள். வவுனியாவில் நளீர் ஹோட்டல் என்ற கடையில் கொத்துரொட்டி தின்றாராம். முல்லைத்தீவில் நண்டுக்கறியாம். கிளிநொச்சிக் கூல்பாரில் ஒவ்வொரு நிறத்திலும் ஒவ்வொரு ஐஸ்கிரீமாம்.

"ஏன் பிள்ளை, உவரின்ர ஊரில அடுப்பு மூட்டுறேல்லையோ?" என்று கேட்டேன்.

"புது இடம் ஐயா. சாப்பிட்டுப் பார்த்தால்தான் இடம் விளங்கும் எண்டு சொல்லுறவர்."

இடம் விளங்க வேண்டுமென்றால் தொண்ணூற்றாறில் வந்திருக்க வேண்டும். தலையில் மூட்டையோடு எங்களோடு தர்மபுரத்துக்கு ஓடியிருந்தால் நன்றாக விளங்கியிருக்கும்.

முதல் தரம் வந்தபோது அவன் கோப்பி கேட்டான். இது தேத்தண்ணிக் கடை, கோப்பி இல்லை என்று சொன்னேன். குசினிக்குள்ளிருந்து அமராவதி எட்டிப் பார்த்தாள்.

"இருக்கெண்டு சொல்லு பிள்ளை. ஒரு நிமிசம் இருக்கச் சொல்லு."

அவளுடைய கோப்பி விற்கிற சாமான் அல்ல. கொட்டையை மல்லியோடும் வேர்க்கொம்போடும் வறுத்து, உரலில் இடித்து, போத்தலில் அடைத்து வைப்பாள். தலையிடிக்குக் குடிப்போம். செத்தவீட்டில் குடிப்போம். வெள்ளை ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்ன, தலையிடியோ உவருக்கு?" என்று கேட்டேன்.

வாங்கில் இருந்த சின்னராசா சிரித்தான். அவன் பாண் விற்கிறவன், சைக்கிளை நிழலில் சாத்திவிட்டு என் கடையில் கிடப்பான். "அண்ணை, சாமி வந்திட்டுது போல. வேப்பிலை கொண்டாங்கோ."

கண்ணைத் திறந்த வெள்ளை பையிலிருந்து ஒரு கறுத்த மட்டைக் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினான். அங்கேதான் பிடித்தது சனியன்.

எங்கள் பக்கத்தில் வெள்ளைக்காரன் கொப்பியை விரித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். விபரம் எடுக்கிறான். பேர் என்ன, வயசு என்ன, கடைசியாக எங்கே கண்டது, என்ன உடுப்புப் போட்டிருந்தது. எத்தனை மரத்தடியில் எத்தனை கொப்பிக்கு முன்னால் வரிசையில் நின்றிருப்போம். எங்கள் மகன் ஜெயந்தன் தொண்ணூற்றேழில் வவுனியாவுக்குப் போனவன். அமராவதிக்கு இழுப்பு, மருந்து முடிந்து போய்விட்டது, அதை வாங்கப் போனான். இருபத்திரண்டு வயசு. நீலச் சேட்டு. இன்னும் வரவில்லை. அதை எழுதிக்கொண்டு போனவர்களில் ஒருவனாவது திரும்பி வந்து ஒரு சொல் சொன்னது கிடையாது. அதனால் கொப்பியைக் கண்டால் எனக்குப் பற்றி எரியும். அமராவதிக்கு மாறி. அவளுக்குக் கொப்பி என்றால் கோயில்.

அடுத்த சனி நான் மா மூட்டை எடுக்கக் கிளிநொச்சிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் மனுசியின் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"இஞ்சருங்கோ, அந்த வெள்ளைத் தம்பி வந்தவர். கோப்பி ஆருக்கு இடிக்கிறது எண்டு கேட்டவர். ஜெயந்தனுக்கெண்டு எல்லாம் சொன்னனான். எழுதினவர். படமும் குடுத்துவிட்டனான்."

"எந்தப் படம்?"

அவள் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள்.

எந்தப் படம் என்று கேட்டது என் மடைத்தனம். எங்களிடம் இருந்ததே ஒன்றுதான். அடையாள அட்டைக்கென்று ஸ்ரூடியோவில் எடுத்தது, கட்டைவிரல் அளவு. மற்றதெல்லாம் வீட்டோடு எரிந்தது. அந்த ஒன்று அவளுடைய இடுப்புக் கொட்டைப்பெட்டியில் இருந்தபடியால் தப்பியது. ஆறு வருசம் வெற்றிலையோடும் பாக்கோடும் அவளுடைய இடுப்பில் கிடந்த பிள்ளை.

"விசரியோ நீ? ஆரெண்டு தெரியாதவனிட்டை!"

"எழுதினவரப்பா. நான் கண்ணாலை கண்டனான்."

அதற்குப் பிறகு நாலு சனி. வெள்ளை வருவான். அமராவதி காசு வாங்க மாட்டாள். கோப்பி மட்டுமல்ல, பிட்டு அவிப்பாள், கத்தரிக்காய் பொரிப்பாள், எனக்குக் காட்டாத முட்டையை அவனுக்குப் பொரிப்பாள். அவன் குழந்தைப்பிள்ளை மாதிரிக் கையைப் பிட்டுக்குள் விட்டு, பாதியை மடியில் கொட்டி, பாதியை வாயில் போடுவான். சாப்பிட்டு முடிந்ததும் அவள் கையைப் பிசைந்துகொண்டு கேட்பாள்.

"ஏதும் அறிஞ்சவராமோ பிள்ளை?"

சுதாஜினி இங்கிலீசில் ஏதோ சொல்வாள். வெள்ளை நெஞ்சில் கையை வைத்துத் தலையை ஆட்டி, நீளமாக ஏதோ சொல்வான். பிள்ளை அதைச் சின்னதாக்கி, "நல்லதாம் அம்மா" என்பாள்.

எது நல்லது? நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். நீளமாய்ச் சொன்னது ஏன் இவ்வளவு கட்டையாய் வருகிறது? சின்னராசாவிடம் சொன்னேன். அவன், "வெள்ளைக்கு மாமியார் கிடைச்சிட்டா, உங்களுக்குத்தான் எரியுது" என்றான். அவனுக்கு என் பணிசும் பகிடியும் கிடைத்தால் போதும்.

ஐந்தாவது சனி. பிட்டைத் தின்றுவிட்டுக் கை கழுவ வெள்ளை கிணற்றடிக்குப் போனான். சுதாஜினி வாளியால் வார்க்கப் போனாள். கொப்பி மேசையில் கிடந்தது. மேசை துடைக்கப் போனவன் நான். துடைக்கிறதற்காகத்தான் கையில் எடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இங்கிலீசு தெரியாது. தமிழே எழுத்துக் கூட்டித்தான். ஆனால் கொப்பியில் இருந்ததுகளுக்கு எழுத்துத் தேவையில்லை. முதல் தாளில் ஒரு நண்டு. அச்சொட்டாகக் கீறியிருந்தான். நண்டுக்குக் கீழே ஐந்து நட்சத்திரம். அடுத்ததில் கொத்துரொட்டிக் கல், இரண்டு தகட்டோடு. மூன்று நட்சத்திரம். ஐஸ்கிரீமுக்கு ஒன்று. ஆனையிறவு உப்பைக் கூட ஒரு சின்னக் குவியலாகக் கீறி அதற்கும் நட்சத்திரம் போட்டிருந்தான். தாள் தாளாகத் தீன். பேரில்லை, வயசில்லை, ஒரு பிள்ளையின் விபரமும் இல்லை.

பிறகு எங்கள் தாள் வந்தது. அமராவதியின் சில்வர் கோப்பிப் பேணி, ஆவி பறக்கிற மாதிரி. பக்கத்தில் ஜெயந்தன். பசை பூசி ஒட்டியிருந்தான். கீழே நாலு நட்சத்திரம்.

நான் கூப்பிட்ட கூவலில் பஸ்ஸுக்கு நின்ற சனம் திரும்பிப் பார்த்தது.

"பிள்ளை! இஞ்சை வா!"

சுதாஜினி ஓடி வந்தாள். தாளைக் கண்டதும் தலையைக் குனிந்தாள். பின்னால் வெள்ளை, கையில் தண்ணி சொட்ட.

"உவர் என்னத்தை எழுதுறவர்? பொய் சொன்னியெண்டால் இந்தக் கடை வாசல் மிதியாதை."

"சாப்பாட்டைப் பற்றி ஐயா. போற கடையளைப் பற்றி. தன்ர ஊர்ச் சிநேகிதருக்கு அனுப்புறவர்."

"அப்ப எங்கட பொடியன்?"

"அம்மா சொன்னதை அண்டைக்கே நான் இவருக்குச் சொன்னனான். தன்ர வேலை தண்ணித்தாங்கி, ஆக்களைத் தேடுறது வேற கந்தோர் எண்டு சொன்னவர். மிச்சம் கவலையாம் எண்டும் சொன்னவர். அதை அம்மான்ர முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரேல்ல."

"அஞ்சு கிழமையா வாய் வரேல்ல. பிட்டுத் தின்ன மட்டும் வந்ததோ?"

அவள் அழத் தொடங்கினாள். அழட்டும்.

"படத்தை ஏன் ஒட்டினவன்?"

"அம்மா நீட்டினவா. நினைவுக்குத் தாறா எண்டு நினைச்சிட்டாராம். துலைஞ்சு போகக்கூடாதெண்டு ஒட்டினவராம். கீழே எழுதியிருக்கிறார் ஐயா, இந்தக் கோப்பி இந்த மகனுக்காக இடிச்சு வைச்சது, அவன் வரும்வரைக்கும் மற்றவைக்குக் குடுக்கினம் எண்டு."

"நட்சத்திரம் ஆருக்கு? அவனுக்கோ, கோப்பிக்கோ?"

அவள் கண்ணைத் துடைத்தாள். "கோப்பிக்கு ஐயா."

"நண்டுக்கு அஞ்சு. என்ர வீட்டுக்கு நாலு. என்ன குறைஞ்சதாம் எண்டு கேள்."

அவள் கேட்கவில்லை. ஆனால் வெள்ளைக்கு விளங்கிவிட்டது. முகம் செம்பரத்தம்பூ மாதிரிச் சிவந்தது. பையிலிருந்து ஒரு சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, தாளை வெட்டித் தருவதாகக் கையால் காட்டினான்.

"கத்தரிக்கோலை என்ர பிள்ளையின்ர முகத்துக்குக் கிட்டக் கொண்டு வராதை!"

அப்போதுதான் அமராவதி குசினியிலிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். என் கையிலிருந்து கொப்பியை வாங்கிக்கொண்டு அடுப்புக்குப் போனாள். கேத்திலின் மூக்கிலிருந்து வந்த ஆவிக்கு மேலே அந்தத் தாளைப் பிடித்தாள். மெல்ல மெல்ல, நுனி நகத்தால். அவளுக்கு மூச்சு இழுத்தது. படம் கழன்று வந்தபோது பின்பக்கத்தில் பேணியின் கோடு கொஞ்சம் ஒட்டியிருந்தது. முன்பக்கம் பழுதில்லை.

நான் அதை வாங்கிச் சேட்டுப் பொக்கற்றில் வைத்தேன்.

சனம் கலையுமென்று பார்த்தேன். அமராவதி போய் வெள்ளைக்கு முன்னால் நின்றாள். ஏசப் போகிறாள், நல்லாய் ஏசட்டும் என்று நினைத்தேன்.

"பிள்ளை, இதில ஜெயந்தன்ர பேர் எழுதியிருக்கோ?"

"இல்லை அம்மா."

"அப்ப எழுதச் சொல்லு."

சுதாஜினி சொன்னாள். வெள்ளை வாங்கில் இருந்தான். புதுத் தாளைப் புரட்டினான். ஏதோ நீளமாகச் சொன்னான், இந்தத் தரம் பிள்ளை முழுவதையும் சொன்னாள்.

"தனக்கு உந்த வேலை தெரியாதாம் அம்மா. ஆனால் திங்கட்கிழமை அந்தக் கந்தோருக்குத் தானே கொண்டுபோய்க் குடுப்பாராம். முடிவு நல்லாய் வருமெண்டு சொல்ல மாட்டாராம். குடுப்பன் எண்டு மட்டும் சொல்லுறாராம்."

"எனக்கு அது காணும்," என்றாள் அமராவதி. "ஜெயந்தன். அப்புத்துரை ஜெயந்தன். எழுதுங்கோ."

நான் அவன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதே பேனை. நண்டு கீறிய அதே பேனை. திங்கட்கிழமை வரும், செவ்வாய் வரும், பிறகு அடுத்த சனி வரும், இன்னொரு ஊரில் இன்னொரு கறி இருக்கும். இரண்டு வருசத்தில் தாங்கியைக் கட்டி முடித்துவிட்டு, கொப்பியையும் கொண்டு விமானம் ஏறுவான். அவன் ஊரில் யாரோ தாளைப் புரட்டி, நல்ல கோப்பியாக இருந்திருக்கும் என்பார்கள்.

"நீலச் சேட்டு," என்றாள் அவள். "கையில ஒரு கறுப்பு நூல்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இஞ்சருங்கோ, படத்தையும் குடுங்கோ. படமில்லாமல் எப்பிடித் தேடுறது?"

"தரேலாது."

"அப்பா…"

"முதல் அவன் எழுதினதைக் கொண்டுபோய்க் குடுக்கட்டும். கந்தோரில குடுத்ததுக்கு எழுதின துண்டோடை வரட்டும். பேந்து பாப்பம்."

"என்ர பிள்ளையைத் தேடவெண்டு கேக்கிறன்."

"என்ர பிள்ளையுந்தான்."

அவள் கையை நீட்டியபடி நின்றாள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றால் கொடுத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கடையை விட்டு இறங்கினேன். வெள்ளை எழும்பி என்னிடம் ஏதோ சொன்னான். சுதாஜினி, "ஐயா, மன்னிக்கட்டாம்" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணை, அடுப்பு எரியுது, எங்கை போறியள்?" என்று சின்னராசா கத்தினான்.

"நீ நிண்டு ஊத்து!"

பழைய தொழிற்சாலைப் பக்கம் நடந்தேன். அந்தப் பக்கம் தார் றோட்டை விட்டு இறங்க ஏலாது, இரண்டு கரையிலும் கண்ணிவெடிப் பலகை. தாரிலேயே நடந்தேன். வெயில். பொக்கற்றில் படம் இன்னும் ஈரமாக நெஞ்சில் ஒட்டியது. பின்னால் அமராவதியின் குரல் கொஞ்சத் தூரத்துக்குக் கேட்டது, வயசு சொன்னாள், பள்ளிக்கூடம் சொன்னாள், பிறகு அவருக்கு இன்னொரு கோப்பி ஊத்தட்டோ என்று கேட்டாள். அவன் என்ன சொன்னானோ. நான் நடையை எட்டிப் போட்டேன்.