சாவி கையில் இருந்தால்

பூட்டுக்காரர் தலை சுற்றி விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மனுஷன் சும்மா விழவில்லை. பாதி வெட்டிய சாவி ஒன்றை இறுகப் பிடித்துக்கொண்டு கடைக்குள்ளேயே விழுந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒவ்வொரு விரலாகப் பிரிக்கும் வரை அந்தச் சாவியை விடவில்லை. சாவிக்கு உரியவர் கூடவே வந்திருந்தார். "பொழைச்சுக்குவாரா?" என்று ஒரு தடவையும், "சாவி எப்போ கிடைக்கும்?" என்று மூன்று தடவையும் கேட்டார். உலகம் அப்படித்தான் இருக்கிறது.

டாக்டர் பிரஷர் பார்த்தார். நம்பாமல் இன்னொரு மெஷினை வைத்துப் பார்த்தார். பிறகு பூட்டுக்காரரை விட்டுவிட்டு அவர் மனைவியைப் பார்த்துப் பேசினார். விவரமான டாக்டர்.

"மாத்திரை நான் தர்றேம்மா. ஆனா ஞாயித்துக்கிழமையானா கடையை மூடிட்டு, மத்தியானம் நல்லா தூங்கணும். இன்னொரு தடவை விழுந்தா எந்திரிப்பாருன்னு என்னால சொல்ல முடியாது."

அவள் மருந்துச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்தாள். அவருக்கோ சிரிப்பு.

"நான் தூங்கிட்டா, சாவியைத் தொலைச்சிட்டு வாசல்ல நிக்கிறவன் கதி? பதினெட்டு வருஷத்துல ஒரு நாள் மூடினதில்ல நான்!"

"நீங்க போய்ச் சேந்துட்டா மட்டும் ஊர்ல கதவெல்லாம் தானா திறந்துக்குமா?" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளே புதுப் பூட்டு வாங்கிக் கடை ஷட்டரைப் பூட்டிவிட்டு, சாவியைச் சர்க்கரை டப்பாவுக்குள் புதைத்தாள். பூட்டுக்காரர் கடைக்கே பூட்டு! கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதைதான். காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவர், அவள் பின்னாலேயே ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் ஒரு கம்பியை விட்டு இரண்டு ஆட்டு ஆட்டித் திறந்து வைத்திருந்தார்.

சாமான் கடை வைத்திருந்த தம்பியிடம் போய் நின்றாள்.

"டேய், உங்க மாமாவால திறக்க முடியாத பூட்டா ஒண்ணு குடுடா."

"அப்படி ஒரு பூட்டை எவனும் இன்னும் செய்யலக்கா," என்றான் அவன். சொல்லிவிட்டு ஒரு பூட்டை விற்கவும் விற்றான். அடுத்த வாரம் அதைவிடப் பெரியதை விற்றான். தம்பியாவது, அக்காவாவது!

இப்படி எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஒவ்வொரு வாரமும் அவர் பூட்டின் முன்னால் குந்துவார்; அவள் பக்கத்தில் நின்று திட்டுவாள். திட்டு எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. பதிலுக்கு அவர் பாடம் நடத்துவார். பக்கத்தில் ஆள் நின்றால் வாய் சும்மா இருக்காது அவருக்கு.

"உள்ள அஞ்சு பின்னு இருக்கு, பாரு. கீழ ஒரு கம்பியால லேசா அழுத்தம் குடுத்துக்கிட்டே, மேல இன்னொண்ணால ஒவ்வொண்ணா தூக்கணும். ஒரு பின்னு மட்டும் வம்பு பண்ணும். அதுகிட்ட மல்லுக்கட்டக் கூடாது. தாஜா பண்ணணும்."

"உங்க பிரஷரைக் கொஞ்சம் தாஜா பண்ணுங்களேன்!"

எட்டாவது வாரம் நம்பர் பூட்டு. காதை ஒட்டவைத்து, மூச்சைப் பிடித்து, முகமெல்லாம் வேர்த்துச் சிவந்து, கடைசியில் திறந்தே விட்டார். மறுநாள் பிரஷர் முன்னைவிட ஏறியிருந்தது. "இதுதான் நீங்க ரெஸ்ட் குடுக்குற லட்சணமா?" என்று டாக்டர் அவளிடம் பாய்ந்தார். வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். பயம்தான், வேறென்ன? இந்த மனுஷன் இல்லாமல் போய்விடுவாரோ என்ற பயம்.

அப்போது அவர் எட்டிப் பார்த்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"ஏம்மா... அடுத்த வாரம் என்ன பூட்டு?"

அவளுக்கு அழுகை சட்டென்று நின்றது. யோசித்துப் பார்த்தாள். எட்டு வாரமும் ஷட்டரைத் தூக்கிய பிறகு இவர் என்ன செய்தார்? ஸ்டூலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார். அவ்வளவுதான். ஆக, இவர் கடையைத் திறக்கப் போகவில்லை. பூட்டைத் திறக்கப் போகிறார்!

ஒன்பதாவது ஞாயிறு. தம்பி கடையில் இருந்ததிலேயே பெரிய பூட்டு இவர் கடை ஷட்டரில் தொங்குவதாகச் சொன்னாள். அவர் கண் பளபளத்தது. சட்டையை மாட்டினார். அவர் உள்ளங்கையில் சாவியை வைத்தாள்.

"என்னது இது?"

"அதோட சாவி. போய்த் திறந்துக்கங்க."

"சாவியை எதுக்குக் குடுக்கிறே?"

"கடை உங்களோடதுதானே?"

சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் தொங்கிப் போயிற்று. "சாவி போட்டுத் திறக்கிறதுக்கு நான் எதுக்கு? அதை எந்தப் பய வேணாலும் திறப்பானே!" என்று சட்டையைக் கழற்றினார். கொஞ்ச நேரம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார். சாப்பிட்டார். சாவியைக் கையில் பிடித்தபடியே பாயில் சாய்ந்தார். அரை மணி நேரத்தில் வீடே அதிரும்படி குறட்டை.

அந்த நேரம் பார்த்துத்தானா பக்கத்து வீட்டுத் தையல்காரி ஓடி வர வேண்டும்?

"அண்ணே! அண்ணே! காத்துல கதவு சாத்திப் பூட்டிக்கிச்சு! சாவி உள்ள இருக்கு, இஸ்திரிப்பெட்டி வேற சூட்டுல இருக்கு!"

"ஷ்ஷ்! கத்தாதே!"

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். வாய் பிளந்து தூங்குகிறார். கை மல்லாந்து விரிந்து கிடக்கிறது. சாவி எப்போதோ நழுவிப் பாயில் விழுந்திருக்கிறது. மயங்கி விழுந்தபோதுகூட விடாத கை. அவரை எழுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

தலையிலிருந்து இரண்டு ஹேர்பின்னை உருவிக்கொண்டு நடந்தாள்.

தையல்காரியின் வீட்டு வாசலில் பூட்டுக்கு முன்னால் முட்டிக்கால் போட்டாள். கீழே ஒன்று, மேலே ஒன்று. நான்கு பின்கள் மரியாதையாக ஏறின. ஒன்று வம்பு பண்ணியது. "மல்லுக்கட்டக் கூடாது, தாஜா பண்ணணும்," என்று முணுமுணுத்தபடி லேசாக நெம்பினாள். கதவு திறந்துகொண்டது.

தையல்காரி ஓடிப் போய் இஸ்திரிப்பெட்டியை அணைத்துவிட்டு வந்து, வாயில் கையை வைத்தாள்.

"அக்கா! நீங்களா! இருங்க, அண்ணன் எந்திரிச்சதும் மொத வேலையா நான் சொல்றேன்!"

அவள் ஹேர்பின்களைத் தலையில் செருகிக்கொண்டே தையல்காரியின் கையைக் கெட்டியாகப் பிடித்தாள்.

"மூச்சு விட்டே, தொலைச்சிடுவேன். இப்பத்தான் அந்த மனுஷனுக்குப் பிரஷர் இறங்கிட்டு இருக்கு."