நோன்பு வைத்த உடம்பு

ரம்ஜான் மாதம் முழுவதும் பென்னாகரத்தில் தாய் வீட்டில் இருந்துவிட்டு, பெருநாள் கழித்துக் கடத்தூருக்குத் திரும்பிய நசீம் பானுவை, மாமியார் அஸ்கரி பேகம் வாசலிலேயே மேலும் கீழும் பார்த்தாள். கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட் கைகளை இறுக்கிப் பிடித்திருந்தது.

"ஊரே நோன்பு வச்சு எளச்சுக் கெடக்குது. நீ மட்டும் ஊதிக்கிட்டு வந்திருக்கியே! நோன்பு வச்சியா, பாயசம் குடிச்சியா?"

"அல்லா அறிய வச்சேனுங்க மாமி."

"வச்சவ ஒடம்பா இது?"

உள்ளே சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கணவன் சர்தார் கொல்லைப்பக்கமாக வெளியே நழுவினான்.

நசீமுக்குப் பதில் தெரியும். அங்கே விடியுமுன் சஹர் சோற்றைத் தாய் எதிரே உட்கார்ந்து தட்டு நிறையப் போட்டாள். இந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் சட்டியில் ஒட்டியிருப்பதுதான் மருமகளுக்கு. அதைச் சொன்னால் அடுத்த நோன்புக்குத் தாய் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். டிரங்குப் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து, பக்ரீத்துக்கு அதே ஜாக்கெட்டைப் போட்டபோது தொளதொளவென்று தொங்கியது.

அஸ்கரி பேகம் திருப்தியோடு பார்த்தாள். "இப்பத்தான் நோன்பு வச்சவளாட்டம் இருக்கே."