ஊதாக் கூண்டு

“எனக்கும் உங்க அண்ணனுக்கும் சண்டை வந்தா நீ யார் மூலையில நிப்ப, பூனை?”

மாமா இதைக் கேட்டபோது நான் அவர் கைக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். மாமா என்றால் அக்காவின் கணவர். நான் அதிகம் பேசாததால் எனக்குப் பூனை என்று பேர் வைத்தவரும் அவர்தான். நான் டேப்பை இன்னொரு சுற்று இறுக்கினேன். அன்று அது வெறும் விளையாட்டுக் கேள்வி. அவர்கள் இருவரும் மோத வழியே இல்லை.

கூண்டுச் சண்டை நடத்த எங்கள் ஊரில் இரண்டே கம்பெனிகள். கூண்டுக்குள் போடும் ரப்பர் விரிப்பின் நிறத்தை வைத்து, சிவப்பு, நீலம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அண்ணன் சிவப்பு, மாமா நீலம். இரண்டு கம்பெனிக்கும் ஏழாம் பொருத்தம். ஒன்று ஒட்டிய போஸ்டரை மற்றது விடிவதற்குள் கிழித்திருக்கும். அந்தப் பகைதான் எங்கள் குடும்பத்துக்கு நிம்மதி. அண்ணனும் மாமாவும் ஒரே எடை, ஒரே ஜிம்மில் ஒரே மாஸ்டரிடம் பழகுபவர்கள். ஆனால் கூண்டு வேறு.

பிறகு இரண்டு முதலாளிகளும் ஒன்றாகிவிட்டார்கள். புதுக் கம்பெனியின் போஸ்டர் ஊதா நிறத்தில் வந்தது.

“சிவப்பையும் நீலத்தையும் கலந்தா ஊதா. பரவாயில்லையே, முதலாளிங்க ஸ்கூல் பக்கம் போயிருக்காங்க,” என்றார் மாமா.

“அடிபட்ட இடமும் ஊதாதான் மாமா,” என்றான் அண்ணன். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு ஒரு வாரம்தான்.

அடுத்த வாரம் கோட்டு போட்ட ஒருவர் ஜிம்முக்கு வந்தார். இந்த எடையில் சிவப்பில் எட்டுப் பேர், நீலத்தில் எட்டுப் பேர். புதுக் கம்பெனியில் மொத்தமே எட்டு இடம் என்றார். சிவப்பின் முதல் ஆளும் நீலத்தின் முதல் ஆளும் மோத வேண்டும். இரண்டாம் ஆளோடு இரண்டாம் ஆள். ஜெயித்தவன் இருப்பான், தோற்றவன் வீட்டுக்குப் போவான். அண்ணன் சிவப்பில் நாலாவது. மாமா நீலத்தில் நாலாவது.

“சார், இவர் எங்க அக்கா வீட்டுக்காரர்,” என்றான் அண்ணன்.

“அப்படியா? அதையே போஸ்டர்ல போட்டுடலாமே!”

முன்பெல்லாம் ஒரு கம்பெனியோடு முறைத்துக்கொண்டால் மற்றதில் போய் நிற்கலாம். இப்போது போய் நிற்க இன்னொரு கதவு இல்லை. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மாமா அன்றே வேறு ஜிம்முக்குப் பழகப் போய்விட்டார். “நீ அவன் பக்கமே நில்லு. எனக்குக் கம்பெனி ஆள் வருவான்,” என்று என் தலையில் தட்டிவிட்டுப் போனார்.

சட்டத்திலும் ஒரு வித்தியாசம் இருந்தது. சிவப்பில், குனிந்தவன் ஒரு உள்ளங்கையைத் தரையில் ஊன்றிவிட்டால் அவன் தலையில் முழங்காலால் இடிக்கக் கூடாது. நீலத்தில் அந்தத் தயவு கிடையாது. எங்கள் மாஸ்டர் பழைய சிவப்பு ஆள் என்பதால் ஜிம்மில் சிவப்புச் சட்டம்தான். யாராவது தலையைக் கட்டி இழுத்தால் அண்ணனின் கை தானாகத் தரைக்குப் போகும். ஐந்து வருடம் அவனோடு பழகிய மாமாவின் முழங்கால் தானாக நின்றுவிடும். புதுக் கம்பெனி எடுத்துக்கொண்டது நீலத்தின் சட்டத்தை.

மாஸ்டர் துடைப்பக் கட்டையை என் கையில் கொடுத்தார். “இவன் கை எப்பெல்லாம் கீழ போகுதோ, போடு.”

முதல் நாள் மெதுவாகத் தட்டினேன்.

“என்னம்மா, தடவிக் குடுக்குற? நாளைக்கு அவன் மண்டைய பொளந்துடுவாங்க. அடி!”

அடித்தேன். முதல் வாரத்திலேயே அவன் இரண்டு நகங்கள் கறுத்து உதிர்ந்தன. புறங்கை வீங்கி விரல் முட்டிகள் மறைந்துபோயின. “உனக்கு என்மேல என்ன கோவம்?” என்று சாப்பிடும்போது ஸ்பூனைப் பிடிக்க முடியாமல் கேட்பான். நாலாவது வாரம் நாளுக்கு ஒரு அடி, இரண்டு அடி என்று குறைந்தது. கடைசிப் பத்து நாள் அவன் கை ஒரு தடவைகூடத் தரைக்குப் போகவில்லை. தலை இழுபட்டால் கை நேராக எதிராளியின் இடுப்பைப் பிடித்தது. மாஸ்டர் கட்டையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

சண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். நான் வாளியும் துண்டுமாகக் கம்பி வலைக்கு வெளியே நின்றேன். அக்கா வரவில்லை.

முதல் சுற்றில் அண்ணனின் முழங்கை மாமாவின் மூக்கை உடைத்தது. அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. மாமா வாயால் மூச்சு விட்டார். ஒவ்வொரு மூச்சுக்கும் ரத்தம் தெறித்தது. இரண்டாம் சுற்றில் அவர் திருப்பிக் கொடுத்தார். ஒரே தொடையில் பதினைந்து இருபது உதை. அண்ணன் நொண்டினான். பிறகு ஒரு குத்தில் அவன் புருவம் பிளந்து, ரத்தத்துக்கு நடுவே வெள்ளையாக எலும்பு தெரிந்தது. சுற்று முடிந்ததும் மாஸ்டர் வாஸ்லின் அப்பி அடைத்தார். “இன்னும் அஞ்சு நிமிஷம்தான்டா,” என்றார். அண்ணன் என் துண்டில் ஒரு பல்லைத் துப்பினான்.

மூன்றாம் சுற்றில் மாமா அவன் தலையை இரண்டு கையாலும் கட்டி வலையோரம் தள்ளி, வயிற்றில் முழங்காலால் இடித்தார். மறுபடி இடித்தார். அண்ணன் குனிந்துகொண்டே போனான். அடுத்த இடி முகத்துக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. கூட்டம் எழுந்து நின்றது.

அப்போது அண்ணன் வலது உள்ளங்கையைத் தரையில் வைத்தான். அவன் தடுமாறவில்லை. பார்த்து, விரல்களை விரித்து வைத்தான்.

மாமாவின் முழங்கால் பாதி வழியில் நின்றது.

ஒரு நொடிதான். அண்ணன் அவருடைய மற்றக் காலை வாரிக் கீழே போட்டான். அவர் வலது கையைத் தன் தொடைகளுக்கு நடுவே இழுத்துப் பூட்டினான். மாமா தரையில் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டிருக்கலாம். தட்டினால் இடம் போய்விடும், தட்டவில்லை. அண்ணன் இடுப்பைத் தூக்கினான். முழங்கை எதிர்ப்பக்கம் மடங்கியது. பச்சைக் கிளையை முறிக்கும் சத்தம். மாமா கத்தியதைக் கூட்டத்தின் ஆரவாரம் விழுங்கிவிட்டது. நடுவர் வந்து இழுத்தும் அண்ணன் உடனே விடவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில் மாமா முன்பு விட்டுப்போன சாமான்களை எடுத்துப்போக எங்கள் ஜிம்முக்கு வந்தார். கையில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். மூக்கில் பஞ்சு. அக்கா பையைப் பிடிக்க, அவர் இடது கையால் ஒவ்வொன்றாகப் போட்டார். அண்ணன் எதிரே நின்றான்.

“பழக்கம் மாமா. கை தானா போயிடுச்சு,” என்றான்.

“எனக்கும் பழக்கம்தான் மச்சான். முட்டி நின்னுடுச்சே! நம்ம ரெண்டு பேரையும் கெடுத்தது மாஸ்டர்தான்.” மாமா சிரித்தார், சிரித்ததும் மூக்கு வலித்து முகம் சுளித்தார். “விடு. உனக்காவது இடம் கெடைச்சுதே.”

அக்கா சிரிக்கவில்லை. தரை விரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் திரும்பினாள்.

“நீதானே கட்டையோட பக்கத்துல நின்ன? சொல்லுடி. கை தானாவா போச்சு?”

அண்ணன் என்னைப் பார்த்தான். புருவத்துத் தையல் இன்னும் பிரிக்கவில்லை. நான் துடைப்பானைப் பிழிந்தேன். அழுக்குத் தண்ணீர் வாளியில் விழுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“கடைசிப் பத்து நாள் ஒரு தடவைகூடக் கீழ போகல. பார்த்துதான் வெச்சான்.”

அவன் அறைந்ததில் நான் வாளியோடு விழுந்தேன். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. அக்கா பையை எறிந்துவிட்டு அவன் சட்டையைப் பிடித்தாள்.

“டேய், அவர் நின்னாருடா! உனக்காக நின்னாருடா!”

“நிக்கச் சொல்லி நானா சொன்னேன்? எனக்கு மட்டும் வேற போக்கிடம் இருக்கா?” என்று கத்தினான். கத்திய பிறகு அவன் மாமா பக்கம் திரும்பவே இல்லை.

மாமா நின்ற இடத்திலேயே நின்று அண்ணனைப் பார்த்தார். நான் எழ அவர் இடது கையை நீட்டினார். பிடித்து எழுந்தேன். பிறகு, தரையில் சிதறிய கிளவுஸையோ பையையோ எடுக்காமல், கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி ஈர விரிப்பின் மேல் நடந்து, தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.