பாட்டிலைத் திருப்பிப் பார்த்தவர்

வெங்கட்ரமணனுக்கும் அவர் மகனுக்கும் பேசிக்கொள்ள மிச்சமிருந்தது ஒரே ஒரு விஷயம்தான். பிளாஸ்டிக் பாட்டில்.

மனைவி போனபிறகு திருநகர் வீட்டில் அவர் தனியாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கனடாவிலிருந்து ஜெயராம் போன் செய்வான். உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி என்பதோடு பேச்சு தீர்ந்துபோகும். ஒருமுறை வீடியோவில், சமையல்மேடையில் வரிசைகட்டி நின்ற பழைய கலர் பாட்டில்களைப் பார்த்துப் பதறிவிட்டான். "அப்பா, அதெல்லாம் குடிச்சுட்டுத் தூக்கிப்போடற பாட்டில். வருஷக்கணக்கா தண்ணி பிடிச்சு வச்சிருக்கேளே! கீறல்ல கிருமி சேரும். வெயில் பட்டா பிளாஸ்டிக்கே தண்ணில இறங்கும். அடியில முக்கோணத்துக்குள்ள நம்பர் இருக்கும், பாருங்கோ."

அன்று அரைமணி நேரம் பேசினான். பெற்ற பிள்ளை அரைமணி நேரம் பேசினால் எந்த அப்பாதான் விடுவார்? வெங்கட்ரமணன் பாட்டில் நிபுணராகிவிட்டார். எவர்சில்வர் பாட்டில் இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. எங்கே பாட்டிலைக் கண்டாலும் கவிழ்த்து முக்கோணத்தைப் பார்ப்பார். அவர் தலையைக் கண்டதும் பாட்டிலைப் பைக்குள் தள்ளியவர்களும் தெருவில் உண்டு.

அவர் பிரசங்கத்தை முகம் சுளிக்காமல் கேட்டவர் நல்லகாமன் மட்டும்தான். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், பின்தெருவில் வாடகைக்கு இருந்தவர். சாயங்காலமானால் இருவரும் பஸ் ஸ்டாப் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு நாளில் வெங்கட்ரமணன் மனுஷரோடு பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் டி.வி. பேசும், இவர் கேட்பார்.

திருமங்கலம் தாண்டித் தன் சொந்த இடத்தில் நல்லகாமன் வீடு கட்டினார். "வீடு மாறுனா என்னண்ணே? பஸ்ஸு எனக்கு ஓசிதான். சாயங்காலம் வந்துருவேன்" என்று சொல்லித்தான் பால் காய்ச்சுவதற்கு அழைத்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். "இவுகதான் நம்ம அண்ணே" என்று நல்லகாமன் கையைப் பிடித்து இழுத்துப்போய் நடுவில் உட்காரவைத்தார். மருமகள் முனீஸ்வரி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். கல்யாண வீடு மாதிரிக் கூட்டம். செம்பு டம்ளருக்கு அவள் எங்கே போவாள்? கைக்குக் கிடைத்த கலர் பாட்டிலில் பிடித்து வந்திருந்தாள். பாட்டில் உடம்பெல்லாம் கீறல், தொட்டால் வெயில் சூடு.

வெங்கட்ரமணன் வாங்கினார். கவிழ்த்துப் பார்த்தார். "வேண்டாம்மா, எங்கிட்ட இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, பையிலிருந்து எவர்சில்வர் பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடித்தார். கூடம் சட்டென்று அடங்கியதை மனிதர் கவனிக்கவே இல்லை. மகன் போன் வரும் நேரமாகிவிட்டது என்று சாப்பிடாமலும் கிளம்பினார்.

"இன்னிக்குக்கூட ஒருத்தர் ஆத்துல பழைய பாட்டில்ல கொடுத்தா, வேண்டாம்னுட்டேன்" என்று போனில் சொன்னார்.

"வெரி குட்ப்பா" என்றான் ஜெயராம். அந்த மூன்று நொடிப் பாராட்டில் அவருக்கு மனசு நிறைந்துவிட்டது.

மறுநாள் நல்லகாமன் வரவில்லை. அந்த வாரமே வரவில்லை. போன் அடித்தால் எடுப்பாரில்லை. வெங்கட்ரமணன் தினமும் பெஞ்சில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு திருமங்கலம் பஸ்ஸாக எட்டிப்பார்த்துவிட்டு எழுந்துவந்தார். கடைசியில் டீக்கடை அழகுபாண்டிதான் போட்டு உடைத்தான்.

"நீங்க ஐயரு, அவுக வீட்டுத் தண்ணி ஆகாதுன்னு திருப்பிக் குடுத்துட்டீகளாம். சொந்தபந்தம் முன்னாடி அந்தாளு தலை குனிஞ்சு நின்னாராம். இம்புட்டு நாள் பழகிட்டு இப்படிச் செய்யலாமா சாமி?"

பாட்டிலுக்காகச் சொன்னதை இவர்கள் எங்கே கொண்டுபோய் முடித்திருக்கிறார்கள்! எடுத்துச் சொன்னால் சரியாகிவிடும் என்று வெங்கட்ரமணன் அடுத்த பஸ்ஸிலேயே ஏறினார். எவர்சில்வர் பாட்டிலை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டார்.

நல்லகாமன் வாசலுக்கு வந்து கும்பிட்டு அழைத்துப்போனார். நாற்காலி போட்டார். வெங்கட்ரமணன் கீறல், கிருமி, வெயில், முக்கோணம் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார்.

"பாட்டிலுக்காகத்தான் சொல்லியிருப்பீகன்னு எனக்குத் தெரியும்ணே. நானும் அதத்தான் சொன்னேன். எங்கக்கா ஒச்சாயி ஒரே கேள்வி கேட்டுச்சு. பாட்டில் ஆகாதுன்னா, ஒரு செம்புல கொண்டாங்கன்னு கேட்டிருக்கலாம்லன்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

வெங்கட்ரமணனுக்கும் தெரியவில்லை. செம்பில் கேட்கலாம் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றவே இல்லை. அதுதான் சத்தியம். ஆனால் ஏன் தோன்றவில்லை? பாட்டிலால் மட்டும்தானா? யோசிக்க யோசிக்க, அவருக்கே தன்மேல் முழு நம்பிக்கை வரவில்லை. பயமாக இருந்தது.

"இப்பக் கேக்கறேன். ஒரு செம்புல தண்ணி கொடும்மா முனீஸ்வரி" என்றார்.

அவள் உள்ளே போனாள். அங்கே அக்கா ஒச்சாயியின் குரல் தாழ்ந்து கேட்டது. முனீஸ்வரி பின்வாசல் வழியாகப் போய், கொஞ்சநேரம் கழித்து வந்தாள். கையில் கடைப் பாட்டில், ஜில்லென்று வியர்த்திருந்தது.

"இப்பத்தான் வாங்குனது சார். சீல் உடைக்கல."

"இது வேண்டாம்மா, உங்க குடத்துத் தண்ணியே…"

"இருக்கட்டும்ணே" என்றார் நல்லகாமன். குரலில் கோபம் துளிகூட இல்லை. "உங்களுக்கு எதுக்குச் சங்கடம்? எங்களுக்கும் சங்கடம்."

வெங்கட்ரமணன் மூடியைத் திருகினார். அவர் குடித்து முடிக்கும்வரை, பெரிய அதிகாரி வீட்டுக்கு வந்துவிட்டதுபோல, நல்லகாமன் உட்காராமல் எதிரே நின்றுகொண்டிருந்தார்.