நிறுத்தப் பலகையும் லவோனும்

தானியக் கிடங்கு முக்கில் நிறுத்தப் பலகை இருந்தும் லவோன் குச்சேரா தன் காரை நிறுத்தாமல் மெல்ல உருட்டிக்கொண்டே கடந்தாள். உடனே பின்னால் சிவப்பு நீல விளக்கு. வந்த போலீஸ்காரன், கோடி என்ற உள்ளூர்ப் பையன், அபராதம் போடவில்லை. எச்சரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்தான். அதுவும் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலைக்கு அவள் மனுப் போட்டிருந்த வாரத்தில்!

"இது என் ரெக்கார்டுல ஏறுமாடா? வேலை போயிடுமே!"

"ஏறாதுக்கா. நெப்ராஸ்கா மாநில ரெக்கார்டுக்கும் போகாது, இன்சூரன்ஸ்காரனுக்கும் தெரியாது. எங்க கம்ப்யூட்டர்ல மட்டும் இருக்கும். மறுபடி மாட்டினா காட்டிக்கொடுத்துடும்."

லவோனுக்கு உயிர் வந்தது. கணவனிடம்கூட அவள் மூச்சுவிடவில்லை.

திங்களன்று பள்ளி அலுவலகத்தில், பேருந்துகளுக்குப் பொறுப்பான டுவைட் அவளுடைய ஓட்டுநர் ரெக்கார்டுக் காகிதத்தைப் பார்த்தார்.

"ரெக்கார்டு பளிச்சுனு இருக்கும்மா. ஆனா அந்த முக்குல வண்டி நிக்கவே இல்லையே? எதிர் ஓட்டல்லதானே நாங்கல்லாம் காபி குடிச்சிட்டிருந்தோம்."

போலீஸ் விளக்கு சுழன்றால் ஊரே ஜன்னலில் நிற்கும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? வழக்கமாக முதலில் போய் நிற்பவளே அவள்தான்.

"வாங்க, பஸ்ஸை ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க," என்றார் டுவைட்.

அதே முக்கில் லவோன் பேருந்தை நிறுத்தினாள். இடம் பார்த்தாள், வலம் பார்த்தாள், மறுபடியும் இடம் பார்த்தாள். பின்னாலிருந்த டிராக்டர் ஹாரன் அடித்தது. ஓட்டல் ஜன்னலில் தலைகள் முளைத்தன.

"போதும்மா, கிளம்புங்க. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போக வேணாமா? நாளைக்குக் காலையில வேலைக்கு வந்துடுங்க."