கீழ்வீட்டுக்குக் கேட்காத ரம்பம்

ஜூன் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை காலை, கடைவீதியின் மேற்குக் கோடியில் உள்ள மின்கருவிக் கடைக்கு ஸ்க்ரோல் சா வாங்க மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பள்ளி வேன் ஓட்டுநர். இன்னொருவர் அவருடைய மனைவி. மூன்றாமவர் அவர்கள் வீட்டுக்கு நேர் கீழே குடியிருக்கும் நர்ஸ். இரவு வேலை முடிந்து, சீருடையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

ஸ்க்ரோல் சா சின்ன இயந்திரம்தான். தையல் இயந்திரத்து ஊசி மாதிரி ஒரு மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும். பலகையைக் கையால் திருப்பித் திருப்பி வளைவுகளை அறுக்கலாம். ஓட்டுநர் மரவேலை பழகத் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால் மதியம் மூன்று மணிவரை அவருக்கு ஓய்வு. நர்ஸ் தூங்குவதும் அதே நேரத்தில்தான். சென்ற மாதம் ஓட்டுநர் இரவல் ஜிக்சா ரம்பம் ஒன்றை வைத்துக் கூடத்தில் பலகை அறுத்தபோது, நர்ஸ் வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் போட்டுவிட்டார். இன்னொரு புகார் வந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் ஓட்டுநரிடம் கறாராகச் சொன்னார். வேன் நிறுத்த இடத்தோடு, அந்த வாடகைக்கு, பள்ளிக்குப் பக்கத்தில் வேறு வீடு இல்லை.

யோசனை மனைவியுடையது. "கேக்கப்போறது அவங்க காது. அவங்களையே கூட்டிட்டுப் போயிடலாம்" என்றார். நர்ஸும் மறுக்கவில்லை. ஒரு போனால் விஷயம் இவ்வளவு தூரம் போகும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

கடையில் இரும்பு மேசைமேல் மூன்று இயந்திரங்கள் இருந்தன. விற்பனையாளர் மூச்சு விடாமல் பேசினார்.

"சார், முதல்ல இருக்கறது பின் பிளேடு. பிளேடோட ரெண்டு முனையிலயும் குட்டி ஆணி இருக்கும், கொக்கியில மாட்டினா முடிஞ்சுது. ரெண்டாவது வெறும் பிளேடு, திருகி இறுக்கணும். ஆனா ஊசித் துளையிலகூட நுழையும். மூணாவது ரெண்டையும் எடுக்கும், கனம் ஜாஸ்தி, ஆட்டம் கம்மி."

"புதுசா கத்துக்கறவங்களுக்கு எது நல்லது?"

"எல்லாமே நல்லதுதான் சார்."

ஓட்டுநர் வீடியோக்களில் பார்த்து வந்ததெல்லாம் அந்த இடத்தில் குழம்பிப்போனது. ஒருவர் பின் பிளேடே போதும் என்றிருந்தார். இன்னொருவர் அதை வாங்குவது தண்டம் என்றிருந்தார். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு கட்டாயம் என்று ஒருவர். ஒரே வேகத்தில் பழகினால்தான் கை வரும் என்று இன்னொருவர். எது எவர் சொன்னது என்பதும் இப்போது மறந்துவிட்டது.

"முதல்ல சத்தத்தைக் கேப்போம்" என்றார் மனைவி.

நர்ஸுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அவர் கண்களை மூடிக்கொண்டார். விற்பனையாளர் முதல் இயந்திரத்தில் ஒட்டுப்பலகைத் துண்டை வைத்து அறுத்தார். மேசை கிடுகிடுத்தது. ஓட்டுநர் நர்ஸின் முகத்தைப் பரீட்சை முடிவு பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸின் தலை மெல்லச் சாய்ந்தது.

"என்னங்க, தூங்கிட்டாங்க."

"இதுக்கேவா? இதுதான் இருக்கறதுலயே அதிக சத்தம்!" என்றார் விற்பனையாளர்.

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். நர்ஸ் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"கேட்டேன். கேட்டேன். அடுத்தது போடுங்க."

இரண்டாவதற்கும் தூங்கினார். மூன்றாவதற்கு லேசான குறட்டையும் வந்தது. அதை நிறுத்தியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நடுவுல இருக்கறது பரவாயில்லைண்ணே" என்றார்.

"சிஸ்டர், மூணுக்கும் தூங்கினீங்களே!"

"தூங்கலை. கண்ணை மூடிட்டுக் கவனிச்சேன்."

"குறட்டை?" என்றார் மனைவி.

"அது மூச்சுதான், அக்கா. ராத்திரி முழுக்க நின்னா அப்படித்தான் வரும்."

"மேடம் தூங்கினாங்கன்னா, சார், இதைவிடப் பெரிய சர்டிபிகேட் ஏது?" என்றார் விற்பனையாளர்.

"எந்த மெஷினுக்குய்யா சர்டிபிகேட்? மூணுக்குமா?"

விற்பனையாளர் யோசித்துவிட்டு, விலை அதிகமான மூன்றாவதைக் காட்டினார். ஓட்டுநருக்கும் மனம் அதில்தான் இருந்தது. மனைவி அவரை டிரில் பெட்டிகள் அடுக்கியிருந்த பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"ரெண்டாவதை வாங்குங்க."

"அது நல்லதா இல்லையான்னே புரியலையே."

"எனக்கும்தான் புரியலை. ஆனா அவங்க வாயால சொன்னது அது. நாளைக்கு யாரைக் குறை சொல்வாங்க?"

இரண்டாவதை வாங்கினார்கள். திரும்பும் வழியில் நர்ஸ் வேனின் பின் இருக்கையில் படுத்துத் தூங்கினார்.

திங்கட்கிழமை காலை ஓட்டுநர் மேசைக் கால்களுக்கு அடியில் ரப்பர் துண்டுகள் வைத்து, இயந்திரத்தை முடுக்கினார். மீன் வடிவம் ஒன்றை அறுக்கத் தொடங்கினார். வால் கோணிக்கொண்டு போனது. பலகையை வேகமாகத் தள்ளுவதாலா, பிளேடு தளர்ந்திருப்பதாலா என்று பிடிபடவில்லை. நிறுத்திப் பார்க்கவும் பயம். நிறுத்தினால் மறுபடி முடுக்க வேண்டும், அந்தச் சத்தத்தில் கீழே முழித்துக்கொண்டால்? மீன் முடிந்ததும் இன்னொரு மீன் அறுத்தார். கீழேயிருந்து எந்தச் சத்தமும் இல்லை. அதுவும் நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. பன்னிரண்டரைக்கு நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

கதவு தட்டப்பட்டது. மனைவி திறந்தார். கலைந்த தலையோடு நர்ஸ் நின்றிருந்தார்.

ஓட்டுநர் எச்சில் கையோடு எழுந்தார். "மன்னிச்சுக்கங்க சிஸ்டர். வீட்டுக்காரர்கிட்ட மட்டும்..."

"என்ன ஆச்சுண்ணே? ஏன் நிறுத்திட்டீங்க?"

"சாப்பிடறேன்."

"நல்ல தூக்கம். சட்டுனு நின்னதும் முழிப்பு வந்துடுச்சு."

ஓட்டுநர் மனைவியைப் பார்த்தார். மனைவி இயந்திரத்தைப் பார்த்தார்.

"அப்ப இது புகாரா சிஸ்டர், இல்லையா?"

நர்ஸ் சற்று யோசித்தார். "தெரியலைண்ணே. நாலு மணி வரைக்கும் நிறுத்தாம இருக்க முடியுமா?"

"மூணு மணிக்கு வேனை எடுக்கணுமே!"

"நான் பாத்துக்கறேன், நீங்க போய்ப் படுங்க" என்றார் மனைவி.

வீட்டுக்காரரிடமிருந்து போன் வரவில்லை. மறுநாளிலிருந்து கணவனும் மனைவியும் மாறி மாறிச் சாப்பிட்டார்கள். மூன்று மணிக்குமேல் மனைவி மீன் அறுத்தார்.