அத்தான் தேடிப்பிடித்த பட்டம்

என் அக்கா வீட்டுக்காரர் ஒரு அச்சகம் நடத்துகிறார். அங்கே பிழை திருத்துவது என் வேலை. வேலையாட்கள் அவருக்கு வைத்த பெயர் ‘அகராதி’. வாயைத் திறந்தால் இங்கிலீஷ் கொட்டுவதால் அப்படி வைத்தார்கள் என்று அவருக்கு நினைப்பு. அந்தப் பெயருக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அச்சகத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவில் தனக்குத் தானே ஒரு பட்டம் கொடுத்துக்கொள்ள முடிவு செய்தார். ஏதோ பழைய இங்கிலீஷ் புத்தகத்தில் பொறுக்கிய சொல்: காக்ஸ்கோம். அதைப் பித்தளைப் பலகையில் தன் பெயருக்குக் கீழே பொறிக்கச் சொன்னார்.

“சேவலோட கொண்டைன்னு அர்த்தம்மா. கூட்டத்துல தலைநிமிர்ந்து நிக்கிறவன். இப்ப ஒருத்தருக்கும் தெரியாத வார்த்தை,” என்றார், மீசையைத் தடவியபடி.

எனக்குச் சந்தேகம். பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அத்தான், கொண்டை சேவலோடதுதான். ஆனா அதே மாதிரி சிவப்புத் துணியில தச்சு அந்தக் காலத்துக் கோமாளி தலையில மாட்டிக்குவான். அந்தத் தொப்பிக்கு அந்தப் பேரு. அப்புறம் கோமாளிக்கே பேராச்சு. கடைசியில, தன்னைத் தானே மெச்சிக்கிட்டு மினுக்கிட்டுத் திரியற வெத்துவேட்டுக்கு.”

“கமா, புள்ளி வைக்கிறதோட நிறுத்திக்க. எனக்கே பாடம் எடுக்காத.”

அக்காவிடம் சொன்னேன். “சொன்னா கேக்கற ஜென்மமா அது? விடுடி,” என்றாள். விட்டேன். பொய் சொல்வானேன், சந்தோஷமாகவே விட்டேன்.

விழாவுக்கு வந்த விருந்தினர் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை. பலகையின் திரையை விலக்கினார், படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

“இந்தப் பட்டம் யார் கொடுத்தது?”

“நானே தேர்ந்தெடுத்தது மேடம்!” மைக்கிலேயே சொன்னார் அத்தான்.

“அர்த்தம் தெரியாம போட்டிருந்தா இன்னிக்கே கழட்டிடுங்க. தெரிஞ்சே போட்டிருந்தா, இவ்வளவு நேர்மையான மனுஷரை நான் பாத்ததே இல்ல.”

பிறகு வகுப்பில் நிற்பதுபோல், தொப்பியில் தொடங்கி வெத்துவேட்டு வரை நிதானமாக விளக்கினார். பைண்டர் இருமுவதுபோல் சிரித்தார். அக்கா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

ஒரு வாரமாவது தலைகாட்ட மாட்டார் என்று நினைத்தேன். பாவமாகக்கூட இருந்தது. வீண் பரிதாபம். மறுநாள் காலையிலேயே பலகையைக் கழற்றிவிட்டு எல்லோரையும் கூப்பிட்டார்.

“உங்கள்ல யாருக்கு இங்கிலீஷ் தெரியும்னு ஒரு டெஸ்ட் வெச்சேன். அத்தனை பேரும் ஃபெயில்!”

“அப்ப நான்?” என்றேன்.

“நீயா? நீ புக்கைப் பாத்துத்தானே சொன்ன!”